ஐந்நூறு மீட்டருக்குள் அயலார்

விஜயராணி சபைச் செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள் என்று சொல்வது சரியாக இருக்காது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டம் நடந்தது. வராதவர் தலையில் கட்டுவது சுலபம் என்பதால் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் "தூங்கப் போறேன்" என்று சொல்லியிருந்தாள். அதை யாரும் நம்பவில்லை போலிருக்கிறது.

பெத்தானியா ஆலயம் திருவானைக்காவலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருமுனையில் இருந்தது. நூற்றுப் பத்துக் குடும்பம். முக்கால்வாசிப் பேர் இப்போது தள்ளித் தள்ளிக் குடிபோய்விட்டார்கள். ஞாயிறு காலை பைக்கிலும் ஆட்டோவிலும் வந்து, ஆராதனை முடிந்ததும் வாசலைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மிச்ச ஆறு நாளும் உள்ளே வேப்பமரமும் அணில்களும்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பிஷப்பின் திருமண்டல அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. 'அயலாரிடையே நமது அழைப்பு' என்று தலைப்பு. பன்னிரண்டு பக்கம். ஆலயத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் வசிக்கிறவர்கள் யார், அவர்களுடைய தேவைகள் என்ன என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்டதை ஜெபத்தோடு ஆராய்ந்து, இந்தச் சபையைக் கடவுள் எந்த ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று கடைசிப் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ஜூன் முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

கமிட்டிக் கூட்டத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிஷத்தில் நான்கு யோசனை வந்துவிட்டது. ஒருவர் மருத்துவ முகாம் என்றார். ஒருவர் டியூஷன் சென்டர் என்றார். கோபுரத்தில் பைபாஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி விளக்குச் சிலுவை வைப்பதே பெரிய ஊழியம் என்று இன்னொருவர் சொன்னார். மூத்த அங்கத்தினர் அருள்ராஜ் மட்டும், சுற்றுச்சுவரை இரண்டடி உயர்த்தினால் போதும் என்றார்.

ஆயர் ஜூட் சாமுவேல் இந்தச் சபைக்குப் போதகராக வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது. "இதெல்லாம் நமக்குத் தோணுறது. அவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டோமா?" என்றார்.

டீ வந்தது. குடித்து முடித்தபோது, கேட்டு வருகிற வேலை ஆயருக்கும் செயலாளருக்கும் என்று முடிவாகியிருந்தது.

கத்திரி வெயில். சாயந்திரம் ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. முதல் வாரம் பதினாறு வீடு. நான்கு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் திறந்தவர், "மதம் மாத்தற ஆளுங்கதானே, போங்க போங்க" என்றார். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, மகனுக்கு மிஷன் ஸ்கூலில் சீட் கிடைக்குமா என்று கேட்டார்கள். தெருமுனையில் டெய்லர் கடை வைத்திருக்கும் ரசூல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேள்விகளை முழுக்கக் கேட்டார்.

"நீங்க கிறிஸ்துமஸுக்குக் கேக் தர்றீங்க. நாங்க பெருநாளைக்குப் பிரியாணி தர்றோம். நல்லாத்தானே இருக்கோம் சிஸ்டர்? புதுசா என்ன வேணும்?"

"எதாவது கொற இருந்தாலும் சொல்லலாம் பாய்" என்றார் ஆயர்.

ரசூல் யோசித்தார். "கொறன்னா, உங்க கேட்டு முன்னாடி நிழல் இருக்கு. வெயில்ல வர்ற சனம் அங்க நின்னா உங்க பெரியவரு வெரட்டுறாரு. அவ்வளவுதான்."

ஆயர் அதைப் படிவத்தில் எழுதவா வேண்டாமா என்று விஜயராணியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியவர் என்றால் அருள்ராஜ். சாவிக்கொத்து அவரிடம்தான் இருந்தது. எழுபத்திரண்டு வயதிலும் தினமும் காலையில் வந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர்.

இரண்டாவது வாரம் ஆலயத்தை ஒட்டியிருந்த அடுக்குமாடி. முதல் மாடியில் பூமா என்கிற அம்மாள் கதவைத் திறந்தார். வாசல் நிலைக்கு மேலே திருமண். கூடத்தில் அவர் கணவர் சௌரிராஜன் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் சொந்த அகம் இருந்ததாம். அவருக்குப் படி ஏற முடியாமல் போனதும் லிஃப்ட் இருக்கிற இடமாகப் பார்த்து இங்கே வந்துவிட்டார்களாம்.

"வாங்கோ, ஃபேனுக்குக் கீழ உக்காருங்கோ. நீங்க ஆஸ்பத்திரி சிஸ்டர்தானே? எங்காத்துக்காரருக்கு ஒருதரம் நீங்கதான் ஊசி போட்டேள்."

கேள்விகளுக்கெல்லாம் பூமா "ஒண்ணும் வேண்டாம், பெருமாள் கிருபையில எல்லாம் இருக்கு" என்றே பதில் சொன்னார். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்கப்படாது. உங்க மதிலுக்கும் எங்க பில்டிங்குக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கோன்னோ? தெருப் பெருக்கற பொம்மனாட்டிகள் அதுலதான் ஒதுங்கிண்டிருந்தா. நாத்தம் தாங்கல. நான்தான் அசோசியேஷன்ல சொன்னேன். போன மாசம் கிரில் கேட் போட்டுப் பூட்டிட்டா." சற்று நிறுத்தினார். "பூட்டினப்பறம் காத்தால பால்கனில நிக்கவே சங்கடமா இருக்கு. அவா கேட்டைப் பிடிச்சுண்டு நிக்கறா. நானும் பொம்மனாட்டிதானே. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ."

படியிறங்கும்போது ஆயர் கேட்டார்: "தேவைன்னு இத எழுதலாமாம்மா?"

"அவங்க இங்க வசிக்கிறவங்க இல்லையே" என்றாள் விஜயராணி. படிவத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஆனாலும் மறுநாள் காலை ஆறரைக்கு அவள் அந்தப் பக்கம் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சும்மா இருந்திருந்தால் தூங்கியிருக்கலாம். ஆலயச் சுவரோரம் பேட்டரி வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை நிற மேல்சட்டை, கையில் கிழிந்த உறை. டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். விஜயராணி கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மூத்தவளாகத் தெரிந்தவள் சிரித்தாள். "வேண்டாங்கக்கா. வேல முடியிற வரைக்கும் நாங்க தண்ணி குடிக்கிறதில்ல."

"எப்ப முடியும்?"

"ஒண்ணு, ஒன்றர ஆகும். குடிச்சா எங்கக்கா போறது? இருந்த சந்துக்கும் பூட்டுப் போட்டுட்டாங்க."

அவள் பெயர் பொன்னுத்தாய். திருவெள்ளறைப் பக்கம் ஊர். கிணற்றுப் பாசனத்தில் வெங்காயமும் நெல்லும் போட்ட காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவள். கூலிவேலை குறைந்துபோய், நான்கு வருஷமாகக் கான்ட்ராக்டில் தெரு பெருக்குகிறாள். நாலரைக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, சூப்பர்வைசர் முன்னால் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டால்தான் அன்றைய வேலை.

மாதவிடாய் நாளில் என்ன செய்வீர்கள் என்று விஜயராணி கேட்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த தமிழ்மணி என்கிற சின்னவள், "கருப்புப் பாவாடை கட்டிக்கிட்டு வருவோம்" என்றாள். டப்பாவை மூடினாள்.

கையோடு கொண்டுவந்திருந்த படிவத்தை எடுக்க விஜயராணிக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தாள். "இந்தக் கோயில் உங்களுக்கு என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

"எங்ககிட்டயாக்கா கேக்குறீங்க?" பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. "நாங்க உங்க தெருக்காரங்க இல்லியே."

சுவருக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தின் பின்னால், ஆலயத்தின் கழிப்பறை இருந்தது. இரண்டு அறை, பூப்போட்ட டைல்ஸ், மேலே தொட்டி. மூன்று வருஷத்துக்கு முன் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் திறந்திருக்கும். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் பூட்டு.

நர்ஸுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இப்படித் தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் வந்து படுத்த எத்தனை பெண்களுக்கு அவள் டிரிப் ஏற்றியிருக்கிறாள். தினமும் காலை ஆறிலிருந்து இரண்டு வரை அந்தக் கதவைத் திறந்து வைத்தால் போதும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி உட்கார்ந்தபோது, இதுதான் நம் ஊழியமாக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். ஆயரின் முகம் மலர்ந்தது. ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

அருள்ராஜ் மேஜைமேல் கையை ஊன்றி எழுந்தார். அவர் பேச எழுந்தாலும் உட்கார்ந்துதான் பேசுவார் என்று சபையில் ஒரு கேலி உண்டு, முட்டி வலி. அன்று நின்றே பேசினார்.

"எடுப்புக் கக்கூஸ்னா என்னன்னு இங்க எத்தன பேருக்குத் தெரியும்?"

எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி இந்த மேஜையில் யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

"எங்க தாத்தா முனிசிபாலிட்டில வாளி தூக்குனாரு. எந்தத் தெருவுலயும் முன்பக்கம் கால் வச்சதில்ல. பின்பக்கச் சந்துதான் அவருக்கு ஊரு. மழ பேஞ்சா வாளி மூஞ்சியில வழியும். எங்கப்பாவ இந்தக் கோயில் படிக்க வச்சுது. நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா சேந்து சார்ஜ்மேனா வெளிய வந்தேன். அப்பவும் முதுகுக்குப் பின்னால கக்கூஸ்காரன் பேரன்னுதான் சொன்னான். வெளியில நாங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இந்தச் சுவத்துக்குள்ள மட்டும்தான் யாரும் அதக் கேக்கல. எழுவது வருஷமா கேக்கல. இப்ப நாமளே வாசல்ல கக்கூஸ்னு எழுதி வைக்கப் போறோம். தெரு என்ன சொல்லும்? அவங்களுக்கு அதுதானே தொழிலுன்னு சொல்லும்."

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "என்னைய வெலக்கிட்டுத் தொறந்துக்குங்க."

சாவியை யாரும் எடுக்கவில்லை. கூட்டம் ஜெபத்தோடு முடிந்தது. ஒத்திவைக்கப்பட்டது என்று விஜயராணி மினிட்ஸில் எழுதினாள்.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற வீடும் அதே மாதிரி வீடுதான், அதே வாளிதான். நர்ஸிங் படிக்கப் போன முதல் மாதம், பெட்பேன் எடுக்கிற முறை வந்தபோது கூடப் படித்த ஒருத்தி, "உனக்கென்னப்பா, பழக்கம்தானே" என்று சொன்னாள். விஜயராணி பெட்பேனை எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்து நான்கு வருஷம் எடுத்தாள். அருள்ராஜ் பேசியபோது அவர் சொல்வது தப்பு என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. பொன்னுத்தாய் சொன்னதும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க வேண்டியது ஏன் தானாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. யாராவது வேறு ஆளாக இருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆயர் இரண்டு தடவை போன் செய்தார். முட்டி வலி என்று சொன்னாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரசூல் கடையிலிருந்து போன் வந்தது. "சிஸ்டர், கொஞ்சம் வரமுடியுமா? உங்க கோயில் முன்னாடி ஒரு பொண்ணு விழுந்துடுச்சு."

ஆட்டோவில் போய் இறங்கினாள். தமிழ்மணி சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். தொட்டால் கொதித்தது. நடுங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல், லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்ததாகப் பொன்னுத்தாய் சொன்னாள். விழுந்தபோது அடக்கி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. சேலை நனைந்திருந்தது. சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் பைக்கில் போகும் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்.

கேட்டுக்கு உள்ளே அருள்ராஜ் கையில் ஹோஸ் பைப்போடு நின்றிருந்தார். தண்ணீர் அவர் கால்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அண்ணே, கேட்டத் தொறங்க" என்றாள் விஜயராணி. ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் அது. அவர் திறந்தார். பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கழிப்பறைப் பூட்டையும் அவரே திறந்தார். விஜயராணியும் பொன்னுத்தாயும் தமிழ்மணியைக் கழுவித் துடைத்தார்கள். ரசூல் கடையிலிருந்து ஒரு நைட்டி வந்தது. யாரோ தைக்கக் கொடுத்தது. ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கிறது, ஐந்து நாளாவது படுக்க வேண்டும் என்றார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கழிப்பறை பூட்டியிருந்தது. அருள்ராஜ் ஆலயப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"பூட்டிட்டீங்களாண்ணே?"

"அவசரம்னு தொறந்தேன். முடிஞ்சுது, பூட்டிட்டேன்."

விஜயராணிக்குக் கோபம்கூட முழுசாக வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "அந்தப் பிள்ளையப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா." அவர் சாவியை உள்ளங்கையில் திருப்பினார். "வலியில அழுவுதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். அது வலியில அழுவல. நாங்கள்லாம் பாத்துட்டோம்னு அழுவுது. சேலைய இழுத்து இழுத்து மூடுது. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்மா. எங்க தாத்தா மூஞ்சி. தெருவுல எதிர்ல யாராவது வந்தா சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்குவாரு."

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் அவரவர் வழியில் போனார்கள்.

அடுத்த ஞாயிறு கமிட்டியில் அவள் எதையும் எடுக்கவில்லை. குடிநீர் இணைப்பு, இளைஞர் முகாம் என்று பேச்சு முடியும் தறுவாயில் அருள்ராஜ்தான் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கதவத் தொறந்து வைக்கலாம். ஆனா போர்டு வைக்கக் கூடாது. போட்டோ எடுத்துக் குரூப்புல போடக் கூடாது. அந்தப் படிவத்துல இத ஊழியம்னு எழுதவே கூடாது." எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "இன்னொண்ணு. நம்ம சனம் ஒருத்தர்கூட அதக் கழுவக் கூடாது. ஆள் வச்சாலும் வர்ற ஆளு யாரா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதுவும் வேண்டாம். அந்தப் பொண்ணுங்களே கழுவிக்கிறோம்னு சொல்லுவாங்க. அதுவும் கூடாது. காலையிலேருந்து ஊரக் கழுவிட்டு வர்றாங்க."

"அப்ப யாருதான்யா கழுவுறது, தேவதூதனா?" என்றார் விளக்குச் சிலுவைக்காரர். சிலர் சிரித்தார்கள்.

"நான் கழுவறேன்" என்றார் ஆயர்.

சிரிப்பு நின்றது. "ஐயா, நீங்க நற்கருணை குடுக்கிற கை" என்றார் அருள்ராஜ். உண்மையாகவே பதறிவிட்டார்.

ஜூட் சாமுவேல் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். காது சிவந்திருந்தது. "எங்க குடும்பத்துல எந்தத் தலைமுறையிலயும் யாரும் அந்த வேலையச் செஞ்சதில்லண்ணே. செய்ய வேண்டிய அவசியம் வந்ததில்ல. செஞ்ச வீட்டுக்காரங்க போதும்கிறீங்க. அது நியாயம். செய்யாத வீட்டுக்காரன் செய்யட்டும்."

ஆயர் எந்த வீட்டுக்காரர் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதுவும் அந்த மேஜையில் பேசப்பட்டதில்லை. இரண்டு பேர் எதிர்த்துக் கையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நிறைவேறியது என்று விஜயராணி எழுதினாள். எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நாளைக்குக் காலையில் ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பதுதான் தோன்றியது.

ஆயருக்குக் கழுவத் தெரியவில்லை. முதல் நாள் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். இரண்டாம் நாள் பிரஷ் பிடித்த கையோடு வாந்தி வருகிறதென்று மரத்தடியில் போய் நின்றார். விஜயராணி வெளியே நின்று, எவ்வளவு தண்ணீர், எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று நர்ஸிங் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார். வியாழக்கிழமை அவர் டவுனில் கூட்டத்துக்குப் போகிற நாள். அன்று அவளே பிரஷ்ஷை எடுத்தாள். அருள்ராஜ் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார்.

"நர்ஸுக்கு உங்க சட்டம் செல்லாதுண்ணே" என்றாள்.

அவர் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டுப் போனார். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பது அவர்தான். பெண்கள் வருகிற நேரத்துக்கு மரத்தின் அந்தப் பக்கம் போய்விடுவார், முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவார். பொன்னுத்தாய் முதல் இரண்டு நாள் வரவில்லை. "எதுக்குக்கா, யாராச்சும் எதாச்சும் சொல்வாங்க" என்றாள். மூன்றாம் நாள் வந்தாள். உள்ளே போனவள் வெளியே வர வெகுநேரமாயிற்று. முகம், கை, கால், பின்கழுத்து எல்லாம் கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்து, மரத்தடியில் நின்று பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "தண்ணி நல்லா வருதுக்கா" என்றாள்.

எதிர்த்துக் கை தூக்கிய இரண்டு குடும்பமும் ஜூன் மாதத்திலிருந்து வேறு சபைக்குப் போகின்றன. அதில் ஒருத்தி விஜயராணியோடு சின்ன வயதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவள். கடைத்தெருவில் பார்த்தால் இப்போது செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாள். பூமா மட்டும் ஒருநாள் கேட்டருகே நிறுத்தி, "இப்ப அவா கேட்டைப் பிடிச்சுண்டு நிக்கறதில்ல, பால்கனில நிக்க முடியறது. இத நிறுத்திடாதேங்கோ" என்றார். தன் வசதிக்காகத்தான் சொன்னார். இருந்தாலும், அந்த ஐந்நூறு மீட்டருக்குள் ஒருவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அருள்ராஜுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. கடைசி நாளன்று ஆயரும் அவளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, 'இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினார்கள். முழுமையாக இல்லை, திருத்தி அனுப்பவும் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆயர் அதைக் கோப்பில் போட்டார்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை பொன்னுத்தாய் வரவில்லை. தமிழ்மணியும் வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கழிப்பறைக் கதவு திறந்திருந்தது. அருள்ராஜ் ஹோஸ் பைப்போடு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசூல்தான் விசாரித்துச் சொன்னார்: வார்டு மாற்றிவிட்டார்களாம், அந்தப் பெண்களையெல்லாம் ஆற்றுக்கு அக்கரைக்கு அனுப்பிவிட்டார்களாம். நேற்று மத்தியானம்தான் சொன்னார்களாம். அக்கரையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

"இப்ப என்னம்மா பண்றது?" என்று அருள்ராஜ் கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். அவருடைய ஏமாற்றத்தைப் பார்க்க விஜயராணிக்கு என்னவோ செய்தது. தனக்கு ஏமாற்றம் வருவதற்கு முன்னாலேயே அலுப்பு வந்துவிட்டதையும் அவள் கவனித்தாள்.

தெருவில் புதிதாக இரண்டு பெண்கள் பெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கு நாற்பது வயது இருக்கும். மற்றவள் இளையவள், கையுறைகூட இல்லை. அவர்கள் சந்தின் கிரில் கேட்டருகே போய் நின்று, பூட்டை அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். விஜயராணி எழுந்து கேட்டுக்கு வெளியே வந்தாள்.

"அம்மா, இங்க உள்ள பாத்ரூம் இருக்கு. நீங்க போலாம்."

மூத்தவள் துடைப்பத்தை விடாமல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தக் கட்சி நீங்க?"

"கட்சியெல்லாம் இல்ல. இது கோயிலு."

"நாங்க சாமி கும்பிடணுமா? பேரு கீரு எழுதணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்மா. கதவு தொறந்திருக்கு, தண்ணி வருது. ரெண்டு மணி வரைக்கும் எப்ப வேணா போங்க."

இருவரும் நகரவில்லை. இளையவள் மூத்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அவசரமாக இருந்திருக்க வேண்டும். மூத்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிறகு அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இளையவள் பின்னால் போனாள். அருள்ராஜ் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

தெருவின் மேற்குக் கோடியில் இன்னும் மூன்று பேர் வண்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடமும் இதையே முதலிலிருந்து சொல்ல வேண்டும். கட்சி இல்லை, பேர் எழுத வேண்டாம், தண்ணீர் வருகிறது. விஜயராணி வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு மெல்ல நடந்தாள்.